அறுபத்தோராம் பக்கத்தில் நான் சேர்த்த வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். இது ஒரு பொய்யிலிருந்து வந்தது. அடுத்தவர் எழுதிய ஆன்மிகப் புத்தகம் ஒன்றில், அறுபத்தோராம் பக்கத்தில், நான் வாயாலேயே இரண்டு வரி சேர்த்தேன். அச்சில் இல்லாத வரி. சும்மா சேர்க்கவில்லை; அச்சில் இருந்ததை முழுங்கிவிட்டுச் சேர்த்தேன்.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் ஆரம்பம்: அவர் மறைந்து எட்டுத் திங்கள் கழிந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், சாளரத்தின் வழியே

(சாளரமாம். எழுபத்து நாலு வருடத்தில் ஒரு தடவையாவது "சாளரத்தைச் சாத்து" என்று நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?)

இரண்டாவது: மரணம் என்பது

(இப்படி ஆரம்பிக்கிற எதையும் நானே படிக்கமாட்டேன்.)

மூன்றாவது:

"அக்கா, இன்னிக்கு எத்தனாவது பக்கம்?"

"அறுபது முடிஞ்சுது."

"நான் சாப்பிட்டாச்சு. வாசிங்க."

இது பரவாயில்லை. எனக்குக் கதை என்றால் காதில்தான் விழும். ஆட்களின் மூக்கு எப்படி, முழி எப்படி என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். பேச விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். இதுவரை வந்த என் நான்கு தொகுப்புகளையும் பார்த்து "நாடகமா இது?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும்.

2

ஆட்கள் மூன்றே பேர். அதில் ஒருவன் செத்துப்போனவன்.

செத்தவன் என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அறுபத்தொன்பது வயதிலும் கூப்பிட்ட வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவான். ஒரு நாள் காலை, ஷூ மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு காலில் மாட்டினான். அவ்வளவுதான்.

அவன் மனைவியை நான் மருந்துக்காரி என்றுதான் கூப்பிடுவது. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. டாக்டர்கள் கிறுக்கியதை எல்லாம் வாசித்த கண்கள் இப்போது இரண்டும் புரை விழுந்து, எதிரில் நிற்பது நானா அலமாரியா என்று சந்தேகப்படுகிற நிலைக்கு வந்துவிட்டன. தம்பி போன பிறகு நான் என் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டு இரண்டாவது அறைக்கு வந்துவிட்டேன். அவளைப் பார்த்துக்கொள்ள வந்ததாக நானும், என்னைப் பார்த்துக்கொள்ள அழைத்ததாக அவளும் வெளியில் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே கொஞ்சம் சந்தேகம். ஒரு பெண் நாள் பூராவும் மருந்துக்கடைப் பேச்சே பேசுவாளா? கதைக்காக நான் ஏற்றிச் சொல்கிறேனோ என்று நேரிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா, நீ நிஜமாவே எப்பவும் இப்படித்தான் பேசறியா?"

"எப்படி?"

"மாத்திரை எடுத்துக் கொடுக்கற மாதிரி."

"ஏன் அக்கா, வயிறு சரியில்லையா உங்களுக்கு?"

சந்தேகம் தீர்ந்தது. மேலே போகலாம்.

3

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அவளோடு மருந்தகத்தில் வேலை பார்த்த ஒருத்தி. துக்கம் விசாரிக்க வந்தவள், "இது எங்க அம்மா போனப்ப எனக்குத் துணையா இருந்துச்சு" என்று மடியில் வைத்துவிட்டுப் போனாள். இறந்தபின் உயிர் எங்கே போகிறது, யாரைப் பார்க்கிறது, எங்கே தங்குகிறது என்று விலாவாரியாகச் சொல்கிற புத்தகம். அட்டையில் பாதி திறந்த ஒரு கதவு, அதற்குள் ஏகப்பட்ட வெளிச்சம். எனக்கு அட்டையைப் பார்த்ததுமே வாய் கோணியது.

"போய்ப் பார்த்துட்டு வந்து எழுதினாரா இவரு?"

"நீங்க எழுதறதெல்லாம் பார்த்துட்டு வந்தா எழுதறீங்க? வாசிங்க."

வாசித்தேன். முதல் அத்தியாயம் முடிவதற்குள் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அவன் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரத்தில் அவள் வாய் திறந்து தூங்கி நான் பார்த்தது அன்றுதான். அதற்கப்புறம் நான் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் அதற்கு அளவு வகுத்தாள். காலை ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்து வாசிக்கக் கூடாது.

"கதை நல்ல இடத்துல நிக்குதேம்மா, இன்னும் ரெண்டு பக்கம்…"

"அளவு மீறக் கூடாது அக்கா. மூடி வைங்க."

(இங்கே ஓர் ஒப்புதல். நானும் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கிவிட்டேன். அங்கே வலி இல்லை என்று வாசித்தபோது, அவன் முட்டி வலியை நினைத்து, "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். கேலி பேசுகிறவர்களுக்கும் தம்பி செத்துத்தான் போகிறான்.)

4

அறுபத்தோராம் பக்கம். மாலை வேளை.

என் கண் எப்போதும் வாய்க்கு ஒரு வரி முன்னால் ஓடும். அன்று ஓடிய இடத்தில் அச்சில் இருந்தது இது:

"உயிர் முதலில் இறக்கிவைப்பது சொற்களை. சொன்னவையும் கேட்டவையும் அதைவிட்டு ஒவ்வொன்றாய் விலகுகின்றன. பிறகு பெயர்கள், பிறகு முகங்கள். தான் நேசிக்கப்பட்டது மட்டும் அதற்குத் தெரிகிறது. யாரால் என்பது தெரிவதில்லை."

எதிரில் அவள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் போய், உன் புருஷனுக்கு இப்போது உன்னை யாரென்று தெரியாது என்று வாசிக்கவா? வாய் தானாகத் திரும்பியது.

"அங்கே ஒரு சொல்லும் மறக்கப்படுவதில்லை. கடைசியாகக் கேட்ட குரலை அவர்கள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்."

தங்குதடை இல்லாமல் வந்தது. புத்தகக்காரரின் நடையிலேயே வந்தது. சொல்லப்போனால் அவருடையதைவிட நன்றாகவே இருந்தது.

மருந்துக்காரி தலையை நிமிர்த்தினாள்.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன். மறுநாள் காலை, "புதுசு வேணாம் அக்கா. அந்த அறுபத்தொண்ணே வாசிங்க" என்றாள். அன்று மாலையும் அதுவே. அப்புறம் தினமும் அதுவே. நாற்பது வருடமாக எழுதுகிறேன். என் வரியை ஒருவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இவள் வேளை தவறாமல் கேட்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்ற இறக்கத்தோடு, "திரும்பத் திரும்ப" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, ரசித்து ரசித்து வாசித்தேன்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அந்த நாட்களில் அவள் தூங்குவதை நிறுத்தியிருந்தாள். நான் அதை ஈடுபாடு என்று நினைத்துக்கொண்டேன்.)

5

பிறகு கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஐந்து வாரத்தில் படிக்கிற கண்ணாடி கொடுப்பதாக டாக்டர் சொன்னார்.

"கண்ணாடி வந்ததும் முதல் வேலையா அந்தப் பக்கத்தை நானே படிக்கணும் அக்கா."

அந்த ஐந்து வாரமும் நான் கதாசிரியையாக அல்ல, திருடியாக யோசித்தேன். யோசித்த முடிவுகளை வரிசையாகவே வைக்கிறேன்.

புத்தகம் தொலைந்துபோகிறது. (இரண்டு அறை வீடு. தொலைப்பதற்கு இடம் எங்கே? அதோடு, அவள் உடனே தோழிக்கு போன் போட்டு இன்னொன்று வரவழைப்பாள்.)

அறுபத்தோராம் பக்கத்தில் டீ கொட்டிவிடுகிறது. ("எப்படி அக்கா அந்த ஒரு பக்கத்துல மட்டும்?" என்று அவள் கேட்பது இப்போதே கேட்கிறது.)

என் வரியை அதே எழுத்தில் அச்சடித்து ஒட்டிவிடுகிறேன். (லேபிள் மேல் லேபிள் ஒட்டியிருந்தால் விரலால் தடவியே கண்டுபிடிக்கிற பிறவி அவள்.)

அவளிடம் உண்மையைச்

[இந்த வாக்கியத்தை ஐந்து வாரமும் இதற்கு மேல் எழுதவில்லை.]

6

கண்ணாடி வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை வெயில் சமையலறை மேசை வரை வந்திருந்த நேரம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் என் மாத்திரை டப்பாவைத்தான் எடுத்தாள்.

"அக்கா, இது போன வருஷமே காலாவதி. இதையா முழுங்கிட்டு இருக்கீங்க?"

"உயிரோடதானே இருக்கேன்."

"அதான் எனக்கும் ஆச்சரியம்." டப்பாவைக் குப்பையில் போட்டாள். கையைத் துடைத்தாள். "புத்தகத்தைக் கொடுங்க."

நான் எழுந்திருக்கவில்லை.

"அப்படி என்னம்மா அவசரம் அந்தப் பக்கத்துக்கு?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"காதால கேட்டா ஒரு மாதிரி இருக்கு. எழுத்துல பார்த்தா ஒருவேளை வேற அர்த்தம் தெரியுமோன்னு."

"என்ன அர்த்தம் வேணும் உனக்கு?"

"அன்னிக்குக் காலையில அவரு பாட்டுக்கு விசிலடிச்சுக்கிட்டே ஷூ தேடினாரு. எனக்குத் தலைவலி. 'ஒரு நாளாவது உங்க சத்தம் இல்லாம இருக்கணும் எனக்கு'ன்னு கத்தினேன். விசில் நின்னுச்சு. கோவமாக்கும்னு நான் திரும்பிக்கூடப் பார்க்கலை." மேசைமேல் இருந்த கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். "அதான் அக்கா அவரு கேட்ட கடைசிக் குரல். அதையேதானே அவரு இப்ப திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்காரு?"

எட்டு மாதத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. பேச்சைக் கேட்டே பிழைக்கிறவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. தினமும் இரண்டு வேளை, ஏற்ற இறக்கத்தோடு, அவள் தலையில் நான் என்னத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்!

"அது புத்தகத்துல இல்லம்மா."

"எது?"

"அந்த ரெண்டு வரி. நான் சேர்த்தது."

"நீங்க சேர்த்ததா?"

"அதுல இருந்தது உனக்குத் தாங்காதுன்னு…"

"டாக்டர் எழுதினதை மாத்திக் கொடுத்தீங்க." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "முப்பத்தோரு வருஷம். ஒரு தடவைகூட நான் அதைச் செஞ்சதில்லை. நோயாளிக்கு என்ன கஷ்டம்னு தெரியாம, நீங்களா ஒண்ணை எடுத்து… எத்தனை பக்கம் இப்படி?"

"சத்தியமா அந்த ஒரு பக்கம்தான்."

"கொடுங்க இங்க."

7

புத்தகத்தைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, லேபிள் படிக்கிற மாதிரி, உதடு அசையாமல் படித்தாள். முடித்தாள். மேலே போய் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது."

"ஆமா."

"நான் யாருன்னும் தெரியாது."

"…ஆமாம்மா."

"பக்க விளைவு இல்லாத மருந்தே இல்ல போங்க." சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை. நான்தான் முகம் பார்த்து எழுதுகிறவள் இல்லையே. "அது சரி, அக்கா. எனக்காக மாத்தினேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"வேற யாருக்காக?"

"உங்க தம்பி உங்களை மறந்துடக் கூடாது. அதானே?"

இந்த இடத்துக்கு நான் ஒரு நல்ல பதில் எழுதி வைத்திருந்தேன். எட்டு வரி. அன்பு, நினைவு, மொழி என்றெல்லாம் வரும். அதை அடித்துவிட்டேன். நேரில் நான் சொன்னது ஒரே வார்த்தை.

"ஆமா."

அவள் எழுந்து போய் டீ போட்டாள். என்மேல் கோபம் இருக்கும்போதும் எனக்குச் சர்க்கரையைக் குறைத்தே போடுகிறாள்.

டம்ளரை வைக்கும்போது சொன்னாள்: "நாளைக்குக் காலையில வழக்கம்போல வாசிங்க."

"உனக்குத்தான் கண்ணு வந்தாச்சே. நீயே படிச்சுக்கலாமே."

"படிச்சா எழுத்துதான் தெரியுது. நீங்க வாசிச்சாத்தான் ஒருத்தர் சொல்ற மாதிரி இருக்கு."

"எதை வாசிக்க?"

"அறுபத்தொண்ணு."

"எந்த அறுபத்தொண்ணு?"

"அது உங்க பாடு. எது வாசிச்சாலும் கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு, இனிமே மாத்தி மாத்தி வாசிக்கக் கூடாது. தினம் ஒரே மருந்து."

8

இது மறுநாள் காலை. கதையை இங்கே வரைக்கும் நேற்றே எழுதிவிட்டேன்; இதற்குமேல் எழுத எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை.

அச்சில் உள்ளதை வாசித்தால், அவள் கத்தியது அவனை விட்டுப் போய்விடும். அவள் தூங்குவாள். ஆனால் அந்த வரியை நான் என் வாயால், என் காது கேட்க, நாள் தவறாமல் சொல்ல வேண்டும்: உன் தம்பிக்கு நீ யாரோ. என் வரியை வாசித்தால், எனக்குத் தம்பி இருப்பான். அவளுக்கு அந்தக் காலைப்பொழுது இருந்துகொண்டே இருக்கும்.

புத்தகக்காரரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். நீங்கள் உடனே, "இதிலென்ன யோசனை? அவளுக்கு எது நல்லதோ அதை வாசி" என்பீர்கள். சொல்வது சுலபம். உங்களுக்கு ஒரு தம்பி இருந்து, ஒரு காலில் மட்டும் ஷூவோடு அவனைக் கிடத்திப் பார்த்திருந்தால்

[விட்டுவிடுகிறேன். இது சண்டைக்கு இழுப்பது.]

சாப்பிட்டு முடித்துவிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டாள்.

"என்ன அக்கா, தொண்டை கட்டிக்கிச்சா? ஆரம்பிங்க."

இந்தாருங்கள், பிடியுங்கள். பக்கத்தை விரித்தே தருகிறேன். நீங்கள் வாசியுங்கள்.