மாடிப்படிக்கு அடியில் ஒரு சீட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் நேராகச் செய்தால் வயிறு வலிக்கும் என்பது பூட்டுக்காரரின் கட்சி. பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருப்பவனைப் போனில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். சண்டை போடக்கூட ஆள் அனுப்புகிறார்கள். இப்போது சந்தைச் சங்கத்துக்குத் தலைவர் பிடிப்பதிலும் அதே கூத்து.

"பெரியவரே, தலைவருக்கு நீங்க ஓட்டுப் போட மாட்டீங்க. உங்க வரிசைக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவீங்க. அஞ்சு வரிசைக்கும் அஞ்சு ஆளு. அவங்க ஆபீஸ் ரூமுக்குள்ள உக்காந்து சீட்டுப் போடுவாங்க. மூணு சீட்டு வாங்குறவங்கதான் தலைவர்" என்றார் சங்கச் செயலாளர்.

"ஏன், எனக்கென்ன கை சுளுக்கா?"

"சட்டம் அப்படி."

"நான் அனுப்புற ஆளு உள்ள போய் மாத்திப் போட்டா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல. அது அவரவர் மனசாட்சி."

"அப்ப பூட்டில்லாத கதவுன்னு சொல்லு."

விஷயம் சிரிப்பாக இல்லை. தலைவர் பதவிக்கு நின்றவர்களில் ஒருவர் மீசை, மீன் மொத்த வியாபாரி. ஜெயித்தால் மாடிப்படிக்கு அடியில் ஐஸ் ரூம் கட்டுவதாகச் சொல்லியிருந்தார். பூட்டுக்காரரின் கடையே அந்தப் படிக்கு அடியில்தான். அவரை எதிர்த்து நின்ற டீக்கடை அக்காவோ படியடி ஆட்களை அசைக்க விடமாட்டேன் என்றாள்.

மீனும் காய்கறியும் மீசை பக்கம். துணியும் பூவும் அக்கா பக்கம். மிச்சம் படியடி வரிசை. அங்கே இருப்பது மூன்றே பேர்: பூட்டுக்காரர், அடுத்த பெட்டியில் கடிகாரம் பழுது பார்க்கும் அவருடைய மாப்பிள்ளை, மூலையில் குடைக்காரர். ஈ மொய்த்த மாதிரி ஆள் நிற்கும் மீன் வரிசைக்கும் ஒரு சீட்டு, இந்த மூன்று பேருக்கும் ஒரு சீட்டு. யானைக்கும் ஒரு கவளம், எறும்புக்கும் ஒரு கவளம். எந்தக் கிறுக்கன் எழுதிய சட்டமோ!

படியடியில் போட்டிக்கு நின்றது மாப்பிள்ளையும் குடைக்காரரும். குடைக்காரரோடு பூட்டுக்காரருக்குப் பேச்சே கிடையாது. தொங்குகிற ஒற்றை பல்பை யார் பக்கம் திருப்புவது என்று ஆரம்பித்த சண்டை, பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் ஓயவில்லை.

தேர்தலன்று காலையில் மாப்பிள்ளை டீயோடு வந்தார். இதுவரை வெந்நீர்கூட வாங்கித் தராத மனுஷன்.

"நம்ம வீட்டு ஓட்டு நமக்குத்தானே மாமா?"

பூட்டுக்காரர் ஒரு வாய் உறிஞ்சினார். "இது அக்கா கடை டீ இல்லையே."

"அங்க ஒரே கூட்டம்."

அக்கா கடை உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அங்கே அக்கா மட்டும் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"முன்வாசல்ல ஒரு கடை காலியாகுதாமே மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை நெளிந்தார். "மீசை அண்ணன் ஒரு பேச்சுக்குச் சொன்னாரு. கெடைச்சா உங்களையும் அங்க கூட்டிக்குவேன்ல?"

"நான் எங்க உக்காருவேன்? உங்க மடியிலயா?"

செயலாளர் வந்து கை தூக்கச் சொன்னார். மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையின் கை. குடைக்காரருக்குக் குடைக்காரரின் கை. பிறகு, துருப்பிடித்த ஷட்டர் மாதிரி, பூட்டுக்காரரின் கையும் அதோடு சேர்ந்து மேலே போயிற்று.

"மாமா! தெரியாம தூக்கிட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

குடைக்காரர்தான் அதிகம் மிரண்டார். "யோவ், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பாசம்னு நெனச்சுக்காத. இந்தப் பொந்தை விட்டா உனக்கும் போக்கிடம் இல்ல. அதான்."

அதற்குள் மகள் போனில் வந்துவிட்டாள். "அப்பா, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" அவர் போனை அப்படியே சட்டைப் பையில் போட்டார். அது பைக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது.

ஐந்து பேரும் உள்ளே போக, ஆபீஸ் ரூம் கதவு மூடியது, திறந்தது. அக்காவுக்கு மூன்று, மீசைக்கு இரண்டு.

மீன் வரிசை பொங்கியது. "நாங்க இத்தனை தலை இருக்கோம்! எங்க தலைக்கெல்லாம் மதிப்பில்லையா?"

"நியாயமாத்தானே கேக்குறான்!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார் பூட்டுக்காரர்.

அக்கா திகைத்தாள். "பெரியப்பா, நீங்க யாரு பக்கம்?"

"என் கடை பக்கம். அதுக்காக, திருட்டுச் சாவியில திறந்த கதவை நல்லாத் திறந்துச்சுன்னு சொல்லணுமா?"

குடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "நான் அக்காவுக்குத்தான் போட்டேன்."

"யாரு பாத்தா?"

"பின்ன மூணு சீட்டு எப்படி வந்துச்சாம்?"

"காய்கறிக்காரன் மனசு மாறிப் போட்டிருப்பான். நீ மீசைக்குப் போட்டிருப்ப."

"உன்னைத் திருத்த முடியாதுய்யா. சரி, இனிமே அந்த பல்பை உன் பக்கமே திருப்பிக்க."

பூட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதில் என்ன உள்குத்தோ! பெட்டியைப் பூட்டினார், பூட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.