பத்மாசினியின் நாற்பது நாள் நிறம்

1963ஆம் ஆண்டு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் தியாகலிங்கம் இளம்பச்சை நிறத்தில் விழித்தெழுந்தார். முதல் நாள் மானிப்பாயில் பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டில், இலை வடிவில் வெட்டிப் பச்சை ஐசிங் பூசிய பிஸ்கற் மூன்று சாப்பிட்டிருந்தார். சுகவீன லீவை வீணாக்க மனமில்லாதபடியால் குளித்து, விபூதி பூசி, வழக்கமான பஸ்ஸிலேயே வேலைக்குப் போனார். பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்புகிற ஊரில், பென்சன் உள்ள மனிதர் எந்த நிறத்தில் இருந்தால்தான் என்ன? நாற்பது நாள் பச்சையாக இருந்தார், நாற்பத்தோராம் நாள் பழையபடி ஆனார். இடையில் ஒரு பதவி உயர்வும் கிடைத்தது.

அந்தப் பிஸ்கற்றைச் செய்தவள் மானிப்பாய்ப் பத்மாசினி, புருசனைப் பறிகொடுத்தவள். முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சீனியை அடித்து, தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விட்டு, கலர்ப் போத்தலில் ஈர்க்கு நுனியைத் தோய்த்து ஒரு பொட்டு வைப்பாள். காயக் காய நிறம் கூடும் என்பதால் ஒரு மாத்துக் குறைத்தே கலப்பாள். அந்த நிறம் தின்றவர் தோலில் ஏறுவது அவளுடைய கைப்பிழையா கைராசியா என்று ஊர் ஒரு கிழமை யோசித்தது. பிறகு கலியாணத் தரகர்கள் யோசிப்பதை விட்டு ஓடர் கொடுக்கத் தொடங்கினார்கள். மஞ்சள் ஒரு பொட்டு, சிவப்பு அரைப் பொட்டு வைத்தால் உரித்த பனங்கிழங்கின் நிறம் வரும். பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் பெண் ஒன்று தின்பாள். மாப்பிள்ளையும் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று தின்பான். நாற்பது நாளுக்குள் தாலி ஏறிவிட வேண்டும். நாற்பத்தோராம் நாள் காலை இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்ப்பார்கள், தாங்களும் தின்றவர்கள் என்பதால் வாய் திறக்காமல் தேத்தண்ணி குடிப்பார்கள். குடாநாட்டில் ஏழு வருடம் இப்படித்தான் கலியாணம் நடந்தது. பிள்ளைகள் மட்டும் உள்ள நிறத்தில் பிறந்தார்கள்.

பத்மாசினியின் மகள் மீனாம்பிகை கணக்கு ரீச்சர், நல்ல கறுப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், வெளிறின மேனிக்காரியான பத்மாசினிக்கு மட்டும் அது பிடிபடவில்லை. புதிதாக யாரைக் கண்டாலும், கேளாமலே, "பிள்ளை தகப்பன்ரை நிறம்" என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டே மகளுக்கு இருபத்தொன்பது வயதாகியிருந்தது. பிஸ்கற் மட்டும் தின்ன மாட்டேன் என்று நின்றாள். எழுபதுக்குப் பிறகு அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியை நிறுத்தியது. கலர்ப் போத்தல் இல்லை, சொக்கிலேட் இல்லை. ஊர்ப் பெண்கள் சொந்த நிறத்தில் தேத்தண்ணித் தட்டு ஏந்த வேண்டியதாயிற்று. பத்மாசினி மூன்று போத்தல்களின் அடித்துளிகளை மகளுக்கென்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

1974 வைகாசியில் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சோமசேகரம், காணிப் படம் வரைகிற உத்தியோகம். தாய் தங்கமுத்து தன் வெள்ளைத் தோலைக் குடும்பச் சொத்துப் போலக் கதைக்கிறவள். பத்மாசினி கூப்பனுக்குக் கிடைத்த சங்கக்கடைச் சீனியை மாவாக அரைத்துத் துணியில் அரித்து வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"ஒண்டே ஒண்டு தின்னு பிள்ளை. எனக்குப் பிறகு உனக்கு ஆர் இருக்கினம்?"

"நாப்பத்தோராம் நாள் ஆரம்மா வந்து நிக்கிறது?" என்றாள் மீனாம்பிகை. "நான்தானே?"

பத்மாசினி அழுதாள். அழுது முடித்துப் பார்த்தபோது மகள் மூன்று போத்தல்களையும் ஒரே கிண்ணத்தில் கவிழ்த்திருந்தாள். தன் முழங்கையைக் கிண்ணத்தருகே பிடித்து, பார்த்துப் பார்த்துக் கலந்தாள். காய்ந்தால் ஏறும் என்று ஒரு மாத்துக் குறைத்தே கலந்தாள்.

சீதனம் பேசி முடியும்வரை பெண் வீட்டில் மாப்பிள்ளை பகுதி கை நனைப்பதில்லை, நனைத்தால் சம்மதம் என்று பொருள். தங்கமுத்து அதில் வலு கண்டிப்பு. ஆனால் தட்டு வந்தது. நாலு வருடமாக ஒருவரும் கண்ணால் காணாத மண்ணிறம், மினுமினுவென்று.

"சொக்கிலேட்டோ?" என்றாள் தங்கமுத்து, குரலைத் தாழ்த்தி.

மீனாம்பிகை தட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட நீட்டினாள். சொக்கிலேட் என்றால் சாயமில்லை, பயமுமில்லை. தங்கமுத்து இரண்டு, சோமசேகரம் இரண்டு, தரகர் நாலு, வீட்டில் இருந்த தகப்பனுக்கென்று லேஞ்சித் துணியில் முடிந்தது ஒன்று. விரலை நக்கும்போதுதான் கை நனைந்துவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. சீதன வளவும் நகையும் டொனேசன் காசும் பேச்சுக்கு வராமலே முடிந்தன.

அடுத்த நாள் பண்டத்தரிப்பில் ஒரு வீடு முழுக்க மீனாம்பிகையின் நிறத்தில் விடிந்தது. தங்கமுத்து கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். சோமசேகரம் சைக்கிளில் மானிப்பாய்க்கு வந்து, வாசலில் நின்றபடி, "குளிச்சுப் பாத்தன், போகேல்லை. நல்லாத்தான் கிடக்கு" என்றான். மீனாம்பிகை முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தாறாம் நாள் தாலி ஏறியது. பொம்பிளை கறுப்பென்று யாரோ முணுமுணுக்க, "அது எங்கடை குடும்ப நிறம்" என்று தங்கமுத்து அதட்டினாள்.

நாற்பத்தோராம் நாள் அவர்களுக்கு நிறம் இறங்கியது. பத்மாசினிக்கு இறங்கவில்லை. பதினொரு வருடமாகத் தன் பிஸ்கற்றில் ஒரு துணுக்குத் தின்னாதவள், பெண் பார்த்துப் போன அன்று கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, தனியே இருந்து, முழுவதையும் தின்றிருந்தாள். ஏன் இறங்கவில்லை என்று அவளும் யாரிடமும் விசாரிக்கவில்லை. எழுபத்தேழில் இறக்குமதி திறந்து கலர்ப் போத்தல்கள் கடைக்கு வந்தன. அவள் வெள்ளை ஐசிங்கோடு நிறுத்திக்கொண்டாள். புதிதாக வந்த யாரோ, தாயைப் போலவே கறுத்த பேத்தியைப் பார்த்து, பிள்ளை ஆரின்ரை நிறம் என்று கேட்டார்கள்.

"என்ரை நிறம்" என்றாள் பத்மாசினி, பிஸ்கற் தட்டை நீட்டியபடி.