குமிழ் வைத்த எழுத்துகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் பொம்மைக் கட்டைப் பெட்டிகள். எந்தக் கடையிலும் கிடைக்கும் போலீஸ் வண்டியும் கோட்டையும் அல்ல. கட்டைகளைக் கோத்து முடித்தால் நிஜமாகவே துணி நெய்யும் தறி, தண்ணீரை ஏற்றி இறக்கும் கால்வாய்க் கதவு, துடிக்கும் இதயம். யாராவது சிரித்தால், "இது பொம்மை இல்ல, பாடம்" என்பான். ஆனால் ஒன்றையும் பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடும்.

"பிரிக்காத பாடத்த எவன்டா படிப்பான்?" என்று அக்கா வாரிக்கொண்டே இருப்பாள்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். கண் மங்கி, மாத்திரை அட்டையில் பெயரைப் படிக்க முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். மிச்சப் பார்வையும் தங்காது, விரலால் தடவிப் படிக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான வகுப்புக்கு அவள் போகவில்லை. "இன்னும் தெரியுதே" என்று வாயை அடைத்துவிடுவாள். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, இமைக்கக்கூட மனமில்லாதவள்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மேல்தட்டில் இருந்த பெட்டியில்தான் அவனுடைய உயிரே இருந்தது. பார்வையற்ற குழந்தைகளுக்கென்று செய்தது. பள்ளிகளுக்கு மட்டும் கொடுத்தது. ஒவ்வொரு கட்டையும் ஒரு எழுத்து. மேலிருக்கும் குமிழ்களைத் தடவினால் எழுத்து பிடிபடும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் நாய் படாத பாடு பட்டிருந்தான்.

ஒரு விடுமுறைக் காலையில் அதை இறக்கி மேசையில் வைத்தான். கத்தியை எடுத்தவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு ஒட்டுத்தாளைக் கிழித்தான்.

"டேய், அது அந்தப் பெட்டிதானே? கிறுக்கா உனக்கு?"

"உனக்குத்தான்க்கா."

"நான் கேட்டேனா?" அவள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் கட்டைகளை மேசைமேல் கொட்டினான். ஒன்றை எடுத்து அவனே கண்ணை மூடிக்கொண்டு தடவினான். நான்கு குமிழ் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால் மூன்று. இன்னொன்றிலும் தப்பு. இரும்புக் கயிறும் கிரீஸும் பழகிய விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"என்னடா பண்ற?"

"நான் மொதல்ல கத்துக்கிட்டு உனக்குச் சொல்லித் தரலாம்னு பாத்தேன். ஒரு எழவும் தெரிய மாட்டேங்குது."

"எப்படித் தெரியும்? உன் விரல்ல இருக்கறது தோலா, செருப்பா? கொண்டா இங்க."

பிடுங்கிக்கொண்டாள். கட்டைவிரல் ஒருமுறைதான் நகர்ந்தது. "மூணு. மேல ரெண்டு, கீழ ஒண்ணு."

"நீ பாத்துட்டுச் சொல்ற."

"இதெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சா நான் ஏன்டா உன் வீட்டுல உக்காந்திருக்கேன்?"

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கட்டையைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினாள்.

"அடுத்தது குடு. நீ எதுவும் சொல்லக் கூடாது."

அவன் ஒன்றை உள்ளங்கையில் வைத்தான்.

"நாலு."

"இல்லக்கா..."

"வாய மூடுறியா?" என்றாள். விரல் மறுபடி முதல் குமிழிலிருந்து மெதுவாகத் தொடங்கியது.