இடது முன்சக்கரம்

திருநெல்வேலிப் பேட்டையில் டயர் பட்டறையில் காரை நிறுத்தியதும் ரெக்சன் முதல் வேலையாக நான்கு சக்கரங்களையும் கைப்பேசியில் படம் பிடித்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்தான். பட்டறைக்காரர் அசன் மைதீன் துணியில் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"கல்யாண ஆல்பம் போடவா தம்பி? இந்த எடு எடுக்குதிய."

"சும்மா ஒரு அடையாளத்துக்கு பாய்."

சும்மா இல்லை. இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் புலம்பியிருந்தார். டயர் மாற்றக் கொடுத்த இடத்தில் அசல் ரிம்மை எடுத்துக்கொண்டு, பார்வைக்கு அதே போன்ற வேறொன்றை மாட்டி அனுப்பிவிட்டார்களாம். ரெக்சனுக்கு அதைப் படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் அவன். துறைமுகங்களில் பழைய உதிரிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்துப் புதிது என்று தள்ளிவிடும் ஆட்களோடு பத்து வருஷமாக மல்லுக்கட்டுகிறான். எதையும் தடவிப் பார்க்காமல் வாங்கமாட்டான்.

கார் சிவப்பு. இரண்டே இருக்கை. ஜெர்மன் தயாரிப்பு, தரையோடு ஒட்டிக் கிடக்கும். கொச்சியில் ஒரு டாக்டரிடம் மூன்று வருஷத்துக்கு முன்பு வாங்கியது. அவன் கடலில் இருக்கும் மாதங்களில் புன்னக்காயலில் தம்பி தொம்மையின் ஷெட்டில் தார்ப்பாய் மூடி நிற்கும். இந்த முறை விடுப்பில் வந்து எடுத்து ஓட்டினால், எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கியது.

"நின்னு நின்னு டயர் இறுகிப்போச்சுண்ணே. வேற போட்டா சரியாயிரும்," என்றான் தொம்மை. மனைவி ரெனிஷாவும் அதையேதான் சொன்னாள். இந்த அளவு டயர் திருநெல்வேலியில் எந்தக் கடையிலும் கிடையாது. பின் டயர் முன் டயரைவிட அகலம் வேறு. கோவையிலிருந்து வரவழைத்து, முந்தின நாளே பார்சலில் பட்டறைக்கு வந்திருந்தது.

ரெக்சன் நான்கு புது டயர்களையும் புரட்டி, தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் காட்டும் நான்கு இலக்க எண்ணைத் தேடி வாசித்தான். போன ஜூலை. சரிதான். அப்புறமும் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் இழைகளைத் தொட்டுப் பார்த்தான்.

அசன் மைதீன் வேலையைத் தொடங்கினார். காரின் அடியில் மரக்கட்டை வைத்து மெல்ல ஜாக்கியை ஏற்றினார். சக்கரங்களைக் கழற்றினார். ரிம்மில் கீறல் விழாமல் இருக்க டயர் கழற்றும் மெஷினின் இரும்புப் பற்களுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டினார். பழைய டயர் உரிந்து வந்தது. புது டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவும்போது ரெக்சன் குனிந்து, "அம்புக்குறி எந்தப் பக்கம் வருது பாய்?" என்றான்.

"சக்கரம் உருளுத பக்கம்தான் தம்பி. இருவத்தாறு வருசமா இதத்தான் செய்யுதேன்."

ரெனிஷா சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் கிளம்பியதிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ரெக்சன் நினைத்துக்கொண்டான்.

மூன்று சக்கரங்கள் முடிந்தன. பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுழற்றி, அது காட்டும் இடத்தில் சின்னச் சின்ன எடைகளை ஒட்டி மறுபடி சுழற்றினால், திரையில் இரண்டு பக்கமும் சைபர் வந்து நிற்கும். மூன்றுக்கும் வந்தது. நான்காவதான இடது முன்சக்கரத்தை மாட்டும்போது கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து அழைப்பு. கம்ப்ரஸர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ரெக்சன் தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வரப் பத்து நிமிஷம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது நான்காவது சக்கரத்தில் டயர் இல்லை. வெறும் ரிம் மெஷினில் சுழன்றுகொண்டிருந்தது. விளிம்பு ஒரே சீராக ஓடாமல் நெளிந்தது.

"மாட்டுன டயர ஏன் கழட்டுனிய?"

"நிக்க மாட்டேங்குது தம்பி. எவ்வளவு எடை ஒட்டுனாலும் இன்னும் இன்னும்னு கேக்குது. டயரக் கொஞ்சம் சுத்தி வச்சும் பாத்தேன். அப்புறந்தான் ரிம்ம சந்தேகப்பட்டேன். இங்கன வாங்க." மெஷினை நிறுத்தி ரிம்மின் உள்பக்கத்தைக் காட்டினார். வெள்ளிப் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டியிருந்தார். அடியில் விரல் நீளத்துக்குப் பற்றவைத்த தழும்பு. "வெடிச்சு, வெல்டு வச்சிருக்காவ. எங்கயோ நல்லா அடிபட்டிருக்கு."

ரெக்சன் வெளியே போயிருந்தது பத்து நிமிஷம். சரியாக அந்தப் பத்து நிமிஷம். பட்டறையின் பின்பக்கம் பார்த்தான். சாக்கு மூடிய ரிம்கள் அடுக்காகக் கிடந்தன. பின் கதவு திறந்திருந்தது.

"இது என் ரிம் இல்ல."

"என்ன சொல்லுதிய?"

"நான் போற வரைக்கும் இது நல்லாத்தான் இருந்துச்சு. என் ரிம் எங்க?"

அசன் மைதீன் அவன் கைப்பேசியைக் காட்டினார். "போட்டோ எடுத்தியள்லா, அதப் பாருங்க."

ரெக்சன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்பக்கத்தை அவன் எடுக்கவே இல்லை. எடுக்கவும் முடியாது, சக்கரம் காரில் இருந்தது. தன் முன்யோசனை இவ்வளவுதானா என்ற எரிச்சலும் அந்த ஆளின் மேலேயே பாய்ந்தது.

"வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். அத நம்பித்தான செய்யுதிய? அந்தச் சாக்க எடுங்க, நான் பாக்கணும்."

"பாருங்க. தாராளமா பாருங்க."

சாக்குக்கு அடியில் இருந்தவை எல்லாம் சாதாரண காரின் ரிம்கள். ஒன்றும் பொருந்தவில்லை. ஆனாலும் ரெக்சனின் மனம் அடங்கவில்லை. பின் கதவு வழியாக எங்கேயோ போயிருக்கும். கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டான்.

"பேட்டையில இருக்கேன். இந்தப் பட்டறையில என் காரோட ரிம்ம மாத்திட்டு, வெல்டு வச்ச பழைய ரிம்மக் காட்டுதாவ. இவருதான் ஓனர். பேரச் சொல்லுங்க பாய்."

அசன் மைதீன் முகத்தை மறைக்கவில்லை. "அசன் மைதீன்," என்றார். "போலீஸுக்கும் போவோம் வாங்க. என்னைய இதுவரைக்கும் ஒருத்தர் கள்ளன்னு சொன்னதில்ல."

"நிறுத்துங்க."

ரெனிஷா எழுந்து நின்றிருந்தாள். பை கீழே விழுந்திருந்தது.

"நீ சும்மா இரு."

"ஃபோன நிறுத்துங்கன்னு சொல்லுதேன்." அவள் குறுக்கே வந்து கேமராவைக் கையால் மூடினாள். "அது நம்ம ரிம்தான். இடிச்சது நான்."

அசன் மைதீன் போய்க் கம்ப்ரஸரை அணைத்தார்.

"நீயா? உனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே."

"தெரியும். போன வருசம் தூத்துக்குடியில படிச்சு லைசென்ஸ் எடுத்தேன். நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆத்தூர் வாய்க்கால் பாலத்துக்கிட்ட குழியில இறங்கிருச்சு. மழைத் தண்ணி நின்னுச்சு, ஆழம் தெரியல. அந்த ஒரு தடவதான். தொம்மைதான் யாருக்கிட்டயோ குடுத்துச் சரி பண்ணிக் கொண்டாந்தான். நான்தான் சொல்லாதன்னேன்."

"டயர் இறுகிப்போச்சுன்னு ரெண்டு பேரும் சொன்னிய."

"டயர மாத்துனா சரியாயிரும்னு நெசமாவே நெனச்சோம்." அவள் அசன் மைதீன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்கண்ணே. முன்னாலயே வாயத் திறந்திருக்கணும்."

ரெக்சன் கைப்பேசியைப் பைக்குள் போடப் போனான். அசன் மைதீன் கையை நீட்டினார்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சிருவேன் பாய். தப்பா நெனச்சிட்டேன், மனசுல வச்சுக்காதிய."

"எனக்கு முன்னால அழிங்க. அழிச்சதும் ஒரு பெட்டியில போய்க் கெடக்குமாமே, அதுலயும் அழிங்க. நானும் தெரிஞ்சுக்கிடணும்லா."

ரெக்சன் இரண்டு இடத்திலும் அழித்துக் காட்டினான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார். அந்த ரிம்மில் டயர் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஓட்டத்தில் வெல்டு விட்டால் ஆளையே கொன்றுவிடும். வேறு ரிம் கொண்டுவந்தால் மாட்டித் தருவதாகச் சொல்லி, காரை அதுவரை கட்டை மேலேயே நிற்கவிட்டார். டீ வாங்கித் தரட்டுமா என்று ரெக்சன் கேட்டதற்கு, வேண்டாம் என்றார்.

பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள். செய்துங்கநல்லூர் தாண்டியதும் ரெக்சன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"அன்னைக்கு வண்டியில யாரு கூட இருந்தா?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

"எங்க போன?"

"எங்கயும் போவல. ஏரல் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பலாம்னு போனேன்."

"காலையிலயா, சாயங்காலமா?"

ரெனிஷா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "அந்த மனுசன்கிட்ட கேட்ட மாதிரியே கேக்குதிய."

வீடு போனதும் ரெக்சன் தொம்மையைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டான். தொம்மையின் பதில்களும் பிசகாமல் அப்படியே இருந்தன. பேசிவைத்ததுபோல் பிசகாமல் இருந்ததே ரெக்சனை இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள், தன் சந்தேகத்தை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துக் கொச்சியிலிருந்து ரிம் வந்தது. அசன் மைதீன் அவர்களை நிற்கவைத்து, புது ரிம்மின் உள்ளும் புறமும் காட்டிவிட்டுத்தான் டயரை ஏற்றினார். முதல் சுற்றில் கொஞ்சம் எடைதான் கேட்டது. இரண்டாவது சுற்றில் சைபர். இந்த முறை ரெக்சன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டீக்கு அசன் மைதீனே சொல்லியனுப்பினார்.

கிளம்பும்போது ரெனிஷா சாவிக்குக் கை நீட்டினாள். ரெக்சன் தயங்கிவிட்டுக் கொடுத்தான்.

பாளையங்கோட்டை நெரிசலில் ஆட்டோக்களுக்கு நடுவே அவள் பதறாமல் வளைந்து போனாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆற்றோரச் சாலையில் வாழைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஓட, வேகம் எண்பதைக் கடந்தது, தொண்ணூறு ஆனது. ஸ்டியரிங் அசையவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும், காரின் அடி தட்டாமல் இருக்கச் சற்றுக் கோணலாக ஏற்றினாள். இந்தக் காருக்கு அப்படித்தான் ஏற்ற வேண்டும். அதைப் பழக அவனுக்கே ஆறு மாதம் பிடித்தது.

"ஒரு தடவதான் எடுத்தேன்னு சொன்ன," என்றான்.

"குழியில விழுந்தது ஒரு தடவதான்னு சொன்னேன்." அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எத்தன தடவ ஓட்டுனேன்னு நீங்க கேக்கவேயில்ல."

ரெக்சன் கேட்க வாயெடுத்தான். எதிரே வைக்கோல் லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. ரெனிஷா கியரைக் குறைத்து, ஓரத்தில் ஒதுங்கி, லாரி போகக் காத்திருந்தாள். அவன் சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.