டிஸ்க்கில் இருந்த சிரிப்பு

கோத்தகிரி பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் கமலேஷ்தான். கை சுத்தம், வாய் சுத்தம், ஆள் தங்கம். ஒரே ஒரு குறை. பெண்டாட்டி தேவி, தீபக்கோடு சேர்ந்து பாடினால் அவனுக்கு வயிறு பற்றி எரியும்.

தீபக் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். பள்ளிக்கூடத்தில் தேவியோடு ஒரே வகுப்பு. கோயில் விசேஷம் என்றால் மெல்லிசைக் குழுவில் இரண்டு பேரும் ஜோடிப் பாட்டுப் பாடுவார்கள். மேடையில் பாடினால் ஊரே பார்க்கிறது, தொலைகிறது என்று விட்டுவிடலாம். இப்போது சொந்தமாக எட்டுப் பாட்டுக் கட்டி, மழைக்காலம் முழுக்கத் தீபக் வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்திருந்தார்கள். தீபக்கின் அம்மா சாந்தாமணி கூடவே இருந்தாள்தான். இருந்து என்ன? சந்தேகப்படுகிறவனுக்கு எத்தனை சாட்சி வைத்தாலும் போதாது.

கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோக்காரர், பாட்டைக் கேட்டுப் பிடித்திருந்தால் பாட வாய்ப்புத் தருவதாகச் சொல்லியிருந்தார். மாசக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். தேவி வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். அந்த நேரம் பார்த்துத் தீபக்கின் லேப்டாப் படுத்துவிட்டது.

"ஏனுங்க, பட்டன அமுக்குனா கறுப்பா வந்து வெள்ளை எழுத்துத்தான் தெரியுதுங்க. பாட்டு பூராவும் இதுக்குள்ளதான் இருக்குது. வேற எங்கயும் காப்பி இல்லீங்க," என்று தேவி அதைக் கடை மேசையில் வைத்தாள்.

"சரி, நீ ஊட்டுக்குப் போ. நான் பாக்கறேன்," என்றான் கமலேஷ்.

அவள் போனதும் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்து மின்சாரம் கொடுத்தான். டிக், டிக் என்றது. சாகப்போகிற டிஸ்க். இதிலிருந்து விண்டோஸ் ஏறவே ஏறாது. ஆனால் தன் மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினால், அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்ச நேரம் மூச்சு விடும். அதற்குள் உள்ளதையெல்லாம் அள்ளி வேறு டிஸ்க்கில் போட்டுவிட வேண்டும். வேறெதையும் தொடக் கூடாது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவனே படித்துப் படித்துச் சொல்வான்: "சாகக் கெடக்கறவருகிட்ட கதை கேக்காதீங்க, பொட்டிச் சாவியை வாங்குங்க."

மாட்டினான். மெஷினில் தெரியவில்லை. கேபிளை மாற்றினான். ஊஹூம். டிஸ்க்கைக் குப்புறப் புரட்டி வைத்து மறுபடி போட்டான். சாமி புண்ணியம், திரையில் தலைகாட்டியது! எட்டுப் பாட்டும் இருந்தன. காப்பி என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

பக்கத்திலேயே ஒத்திகைப் பதிவுகளும் இருந்தன. கை அங்கே போய் நின்றது.

அட பாவி மனுஷா, முதலில் அள்ளிப் போட்டுவிட்டு அப்புறம் கேட்டுத் தொலைக்கக் கூடாதா? பொறாமைக்காரனுக்கு அப்புறம் என்று ஒரு நேரம் ஏது! திறந்தான்.

தேவி ஒரு வரி பாடினாள், சுருதியைத் தப்பவிட்டாள், சிரித்தாள். அப்படி இப்படி இல்லை, மூச்சு வாங்கச் சிரித்தாள். "அட போடா, உனக்கு மட்டும் சுருதி சேந்துருச்சாக்கும்!" என்று சொல்லி மறுபடி சிரித்தாள்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்தச் சிரிப்பைக் கமலேஷ் கேட்டதில்லை. அவனிடம் எல்லாம் அடக்கம்தான்: காப்பி வேணுங்களா, சாப்படறீங்களா. அவளைச் சிரிக்கவைக்க இவன் ஒரு நாளும் மெனக்கெட்டதில்லை. அதெல்லாம் அப்போது தோன்றுமா? அவனுக்குக் கொடுத்தது எனக்கு ஏன் இல்லை என்பது ஒன்றுதான் மண்டைக்குள் குடைந்தது. அடுத்த பதிவைத் திறந்தான். அதற்கடுத்ததைத் திறந்தான். இடையிடையே டிஸ்க் டிக் டிக் என்றது. அவன் காதில் ஏறவில்லை.

ஒரு பதிவில் பாட்டே இல்லை, வெறும் பேச்சு. தேவியின் குரல் தணிந்திருந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா தீபக்? எங்க ஊட்டுக்காரரப் பத்தி இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவரு வந்து..."

டிஸ்க் நின்றுவிட்டது.

கேபிளை மாற்றினான். புரட்டினான். தட்டினான். மோட்டார் சுற்றவேயில்லை. அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, எட்டுப் பாட்டும் போயே போயிற்று. அவரு வந்து என்ன? எவ்வளவு யோசித்தாலும் தெரியப் போவதில்லை. அவளிடம் கேட்கவும் வழியில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், "போயிருச்சு தேவி. ஒண்ணுமே எடுக்க முடியல," என்றான்.

அவள் அப்படியே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, "நீங்க பாத்தே வரலீன்னா வேற யாரு பாத்தாலும் வராதுங்க," என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு.

முகம் கழுவிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள், பேசி முடித்துத் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்குதுங்க. மொதல்லருந்து பாடிடலாம்ங்கறான் தீபக். அவனுக்கு இப்ப லேப்டாப்பு இல்ல. நம்மூட்டுல உங்க கம்ப்யூட்டரு இருக்குதில்லீங்க? சாந்தாமணியம்மாவுக்கு முட்டி வலி, இந்த மேடு ஏற முடியாதாம். அவன் மட்டும் தெனம் வர்றேங்கறான். வரச் சொல்லட்டுங்களா?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. இனிக் குடைகிறதே என்றால்? வேண்டாம் என்ற சொல் கமலேஷின் நாக்கு நுனிவரை வந்தது. அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்தான்.

"வரச் சொல்லு," என்றான்.

அன்றைக்கே கம்ப்யூட்டரை முன்னறைக்கு நகர்த்தி, மைக்குக்கு இடம் பார்த்து, பாடுவது தானாகவே இரண்டு இடத்தில் பதிவாகிற மாதிரி செய்துவைத்தான். தேவி பக்கத்தில் நின்று வயரை எடுத்துக் கொடுத்தாள்.

"வேற ஆம்பளைங்களா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாங்களா? பொறாமைன்னா என்னன்னே தெரியாத மனுசனுங்க நீங்க," என்றாள்.

கமலேஷ் மேசைக்கு அடியில் குனிந்தவன் குனிந்தபடியே, மாட்டிய வயரைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தான்.