கீரையும் மாத்திரையும்

வேலுமணிக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். முன்பு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் குழாய் தூக்கிக்கொண்டிருந்தவர், ஆபரேஷனுக்குப் பிறகு அதே வண்டிக்கு மேனேஜராகப் போனார். மூன்று மாதம் ராய்ச்சூர்ப் பக்கம் போர் போடும் வேலை, ஒரு மாதம் வீடு. வால்வில் இரத்தம் உறையாமலிருக்க தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. அதில் வரும் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் உறையும், கூடினால் எங்காவது கசியும்.

அந்த எண்தான் அவரை அலைக்கழித்தது. வீட்டில் இருக்கும் மாதம் ஒன்றரைக்கு இறங்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அந்த அளவோடு வேலைக்குப் போனால் ஐந்தைத் தாண்டிவிடும், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வரும். போனில் கேட்டு டாக்டர் அளவைக் குறைப்பார். ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் இறங்கும்.

போன ஆவணியில் வந்திருந்தபோது, காலையில் காபி டம்ளரைப் பிடித்திருந்த வலது கை திடீரென்று மரத்துப்போய் டம்ளர் விழுந்தது. மனைவி தேவிப்ரியா ஓடிவந்து கேட்டதற்கு வாய் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றுமில்லை என்றார் அவர். அவள் கேட்கவில்லை. அண்ணனின் காரில் ஏற்றி, வழக்கமாகக் காட்டும் சேலம் அஸ்தம்பட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். ஸ்கேனில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. எண் மட்டும் ஒன்று புள்ளி நான்கு.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒருநாள்கூட விட்டதில்லை என்றார் வேலுமணி. டாக்டர் நம்பியதாகத் தெரியவில்லை. அதைவிட, பக்கத்தில் நின்ற தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டதுதான் அவருக்கு வலித்தது.

ஊசி மருந்து போட்டு மூன்று நாள் படுக்க வைத்தார்கள். இரண்டாம் நாள், அங்கே மருந்தாளுநராக இருந்த ஜாக்குலின் அவருடைய பரிசோதனைத் தாள்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு வந்தாள். எண் குறைந்த மாதமெல்லாம் அவர் ஊரில் இருந்த மாதம். வெளியூர் போனால் என்ன சாப்பிடுவீர்கள் என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

"சோறு, சாம்பாரு, முட்டை. பொட்டக் காட்டுல கீரைக்கெல்லாம் எங்கீங்க போறது?" என்றார் வேலுமணி.

"அதுக்குத்தானுங்க, ஊட்டுக்கு வந்தா நான் ஒரு நாளும் உடறதில்ல" என்றாள் தேவிப்ரியா. கிணற்றடியில் முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி எல்லாம் இருக்கிறது, ஆபரேஷனில் போன இரத்தம் ஊறட்டும் என்று இரண்டு வேளையும் தட்டு நிறைய வைப்பேன் என்று சொன்னாள். சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது.

ஜாக்குலின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த மாத்திரை இரத்தத்தில் தண்ணீர் கலப்பதுபோல் எதையும் செய்வதில்லை என்றாள். இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு ஒரு வைட்டமின் வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைக் கல்லீரல் மறுபடியும் எடுத்துப் பயன்படுத்தும். அந்த வழியை மட்டும்தான் மாத்திரை அடைக்கிறது. கீரையில் அதே வைட்டமின் ஏராளம். புதிதாக வந்துகொண்டே இருந்தால் அடைத்தும் பலனில்லை.

தேவிப்ரியா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நானேதானுங்களா இவருக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"கீரை மேலயும் தப்பில்ல, மாத்திரை மேலயும் தப்பில்லைங்க. ஒரு மாசம் நிறைய, மூணு மாசம் ஒண்ணுமே இல்லைன்னா, எதுக்குத் தகுந்த மாதிரி நாங்க அளவு வைக்கறது? முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும். இங்கிலீஷ்ல அச்சடிச்ச தாளக் குடுத்து அனுப்பிட்டோம்" என்றாள் ஜாக்குலின்.

டாக்டரிடம் கலந்து பேசி ஒரு வழி செய்தார்கள். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, தினமும் ஒரே அளவாக இருந்தால் போதும். காயவைத்து இடித்த முருங்கை இலைப் பொடி தினம் ஒரு ஸ்பூன். வீட்டிலும் அதே, ரிக்கிலும் அதே. மாத்திரை அளவை அதற்கு ஏற்றபடி டாக்டர் புதிதாக வைத்தார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் வேலுமணி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "நீ மாத்திரை அட்டைய எண்ணிப் பாத்தது எனக்குத் தெரியும்."

"ஆமாங்க, எண்ணுனேன். சரியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் வெளிய வீசிருப்பீங்களோன்னு ஒரு நெனப்பு."

அவர் கோபப்படவில்லை. "நான் மாத்திரையே போலின்னு நெனச்சுட்டிருந்தேன், புள்ள" என்றார்.

ஆறு வாரம் ஊரில் தங்கி, வாரம் ஒருமுறை சோதித்தார். இரண்டு புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி ஆறு, மூன்று. அதற்குப் பிறகு எண் எல்லையைத் தாண்டவில்லை.

மார்கழியில் ராய்ச்சூரில் அவருக்கு இருமலோடு காய்ச்சல் வந்தது. அங்கிருந்த மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதை விழுங்காமல் ஜாக்குலினுக்குப் போன் செய்து, அட்டையிலிருந்த பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"ஏனுங்க மேடம், இது கீரை மாதிரி எறக்குமுங்களா, இல்ல ஏத்துமுங்களா?"

"ஏத்துமுங்க. அதைப் போடாதீங்க, டாக்டரைக் கேட்டுட்டு இப்பவே கூப்பிடறேன்" என்றாள் அவள்.

பத்து நிமிடத்தில் டாக்டர் சொன்ன வேறொரு மருந்தின் பெயர் வந்தது. மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தார், எண் மூன்று புள்ளி இரண்டு. காய்ச்சல் நான்காம் நாள் விட்டது.