ஊதா மாறாத தட்டு

ஆறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டை அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஆறும் முழு ஊதா. குழிகளில் வளர்த்த செல்களில் உயிருள்ளவற்றில்தான் ஊதாச் சாயம் ஏறும். ஃப்ளூ வைரஸ் தின்ற இடம் வெள்ளைத் துளையாகத் தெரிய வேண்டும். ஒரு துளைகூட இல்லை. இது மூன்றாம் முறை.

பக்கத்து மேசையில் தங்கையின் தட்டு சல்லடை மாதிரி இருந்தது. அதே குப்பி வைரஸ், அதே செல், அதே சூட்டுப் பெட்டி.

"என்னக்கா, இன்னிக்கும் ஒரே ஊதாக் கடலா?"

"உன் வேலையப் பாருடி."

இவளுக்கு இந்த ஆய்வகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். வெள்ளிக்கிழமை யாருடைய முறை சரியென்று தெரிகிறதோ, புதிய மருந்துச் சோதனை அவருக்கே என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷம் வேறு வைரஸ்களை வளர்த்த கை, எட்டு மாதக் கையிடம் தோற்பதா? கேட்டால் தங்கை சொல்லிவிடுவாள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, பேனா தேடுகிற சாக்கில் தங்கையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். தங்கை செல்களைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். மறுபடியும்.

"எதுக்குடி இத்தனை குளியல்? பட்டினி போட்டே கொன்னுடுவ போலிருக்கே."

"செய்முறையில ரெண்டு தடவைன்னு எழுதியிருக்கு. எனக்குப் பயம், மூணு. நீ?"

அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினாள். அவள் ஒரு தடவைதான் கழுவுவாள். பாவம், பசிக்குமே என்று பிறகு செல்களுக்கு, அவை தின்று வளரும் ரத்த நீரான சீரமும் கொஞ்சம் ஊற்றுவாள். அவளுடைய பழைய வைரஸ்கள் எதுவும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

ஃப்ளூ வைரஸ் அப்படியல்ல. அது செல்லின் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறது. அடுத்த செல்லுக்குள் இறங்க, அந்தப் போர்வை அங்குள்ள சவ்வோடு ஒன்றாகக் கலக்க வேண்டும். கலக்கவைப்பது போர்வையின் மேலுள்ள முள்; ஆனால் முள் முதலில் வெட்டுப்பட வேண்டும். வெட்டுவதற்குத்தான் டிரிப்சின் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். சீரமோ டிரிப்சினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். அக்காவின் தட்டில் வைரஸ் முதல் செல்லைக் கொன்றது; அதன் பிள்ளைகளோ பக்கத்துச் செல்லின் வாசல்வரை போய், நுழைய வழியில்லாமல் நின்றுவிட்டன. ஒற்றைச் செல் செத்தால் கண்ணுக்குத் துளை தெரியாது.

தங்கை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அக்கா புதுத் தட்டு போட்டாள்; இந்தத் தடவை மூன்று கழுவல், சீரம் கிடையாது.

வெள்ளி காலை, ஊதாவில் வெள்ளைத் துளைகள். தங்கையுடையதைவிட இரண்டு அதிகம். இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். அவளைவிடத் தங்கைதான் அதிகம் சந்தோஷப்பட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்ன மாத்துனீங்க? யார் யோசனை?" என்றார் தலைவர்.

தன் யோசனை என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தங்கைக்கே தெரியாது.

"இவளப் பாத்துதான் செஞ்சேன்," என்றாள் அக்கா, தட்டைப் பார்த்தபடியே. "வைரஸ் போடறதுக்கு முன்னாடி செல்லை ரெண்டு தடவையாவது கழுவி சீரத்தை எடுத்துடணும். அப்புறம் சீரம் இல்லாத கரைசல்ல டிரிப்சின் சேர்த்து ஊத்தணும். துளை விழும்."